நமத்துப்போன முறுக்கும் பஞ்சான பிரேக்கும்

திரிங்காப்பிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2021-இல் வாங்கிய சிறிய எஸ்யூவி. போன மாதம் குடும்பத்தோடு கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கியிருக்கிறார். அடிவாரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கப் பத்து நிமிடம் நிறுத்தினார். திரும்பக் காரை எடுத்து பிரேக்கை மிதித்தால், பஞ்சை மிதித்தது போல் கால் உள்ளே போனது. நாலைந்து தடவை மிதித்த பிறகே பிடித்தது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது பேட் நன்றாக இருக்கிறது, ஒழுகல் இல்லை, பிரேக்கில் கோளாறே இல்லை என்றார்களாம். "இந்த ரகக் கார்களுக்கே இது வியாதியா?" என்று கேட்கிறார்.

இல்லை. அவர் காலில் உணர்ந்ததும் உண்மை, ஒர்க்‌ஷாப் சொன்னதும் உண்மை. வைத்தியரிடம் போவதற்குள் மறைந்துவிடும் நோய் இது. அந்த நோய் குடியிருக்கும் இடம் பிரேக் ஆயில்.

புரோட்டோன் எக்ஸ்50 2020 அக்டோபரிலும், பெரோடுவா அத்திவா 2021 மார்ச்சிலும் வந்த பிறகு, மலைச்சாலையில் இந்த அளவுக் கார்கள் பெருகிவிட்டன. அப்போது வாங்கியவற்றுக்கெல்லாம் இப்போது வயதாகிறது. எஞ்சின் ஆயிலைக் கணக்குப் பார்த்து மாற்றுகிற குடும்பங்களில்கூட பிரேக் ஆயிலைப் பற்றிக் கேட்டால், "அது தீரவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்பார்கள். எஞ்சின் அறையில் உள்ள பிரேக் ஆயில் குப்பியில் அளவு குறையவில்லை என்பது சரிதான். உள்ளே இருப்பது முன்பு ஊற்றிய எண்ணெய்தானா என்பதே கேள்வி.

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஈப்போவில் பத்து நாள் மொறுமொறுப்பாக இருக்கிற முறுக்கு, மூடுபனி சன்னலுக்குள் நுழைகிற கேமரன் மலையில் மூன்றே நாளில் நமத்துப்போகிறது. அதன் எடையோ உருவமோ கண்ணுக்குத் தெரிகிறபடி மாறுவதில்லை. காற்றிலிருந்த ஈரம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிளைக்கால் ஈதர் என்ற வகையைச் சேர்ந்த பிரேக் ஆயிலும் அப்படியே ஈரத்தை இழுக்கும். மூடியின் காற்றுத் துளை வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகவும் நீர் மூலக்கூறுகள் ஊடுருவுகின்றன. ரப்பரில் ஓட்டை வேண்டியதில்லை. டின்னை எவ்வளவு இறுக்கி மூடினாலும், டின்னே மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் முறுக்கு தப்பாது. இந்த ஒப்புமை இன்னொரு படியும் வரும்: டின்னில் மேலே இருக்கும் முறுக்கும் அடியில் இருக்கும் முறுக்கும் ஒரே அளவில் நமப்பதில்லை. குப்பியில் இருக்கும் ஆயிலும் சக்கரத்தருகே இருக்கும் ஆயிலும் அப்படித்தான். ஒன்றில் மட்டும் ஒப்புமை உடைகிறது. நமத்த முறுக்கைக் கடித்ததுமே தெரிந்துவிடும். நமத்த பிரேக் ஆயில் சூடேறும் வரை காட்டிக்கொள்ளாது.

சூடு எவ்வளவு ஏறும்? கேமரன் மலையின் ஊர்கள் 1,100 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஆட்களோடும் மூட்டை முடிச்சோடும் 1,300 கிலோ எடையுள்ள கார் 1,300 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம் ஜூல். ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். 250 பேருக்குத் தேநீர் போடலாம். காற்றும் டயரும் எஞ்சினும் எடுத்துக்கொள்வது போக, மிச்சமெல்லாம் பிரேக் தட்டுகளில்தான் இறங்க வேண்டும். விடாமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் முன்சக்கரத் தட்டுகள் 300 டிகிரியைத் தாண்டுவது அரிதல்ல.

டாட் 4 என்ற ரகத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அதே ஆயிலுக்கான வரம்பு 155 டிகிரி. நூறு பங்கில் நான்கு பங்குகூட இல்லாத நீர், 75 டிகிரியை விழுங்கிவிடுகிறது. பழைய டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கடுத்தது. வாசகருக்குப் பிரேக் விட்டது இறக்கத்தில் இல்லை, நிறுத்தி எடுத்த பிறகு. ஓடும்போது காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சூடு தட்டிலிருந்து வெளியே போகிறது. கார் நின்றதும் காற்று நிற்கிறது. தட்டில் தேங்கிய சூடு பேட் வழியாக, பிஸ்டன் வழியாக உள்ளே நடந்து, அங்கே அசையாமல் நிற்கிற ஆயிலை அடைகிறது. அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச்சட்டியில் தாளிப்பு கருகுமே, அதே கதை. ஆயிலின் வெப்பம் உச்சத்துக்குப் போவது, நாம் இறங்கிக் கடைவாசலில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில். தாப்பா வழியாக இறங்குகிறவர்கள் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் நிறுத்துவார்கள், அங்கேயும் இதே நிலைதான்.

ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, மிதித்த அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆவி அமுங்கும். ஒரு துளி நீர் முழுவதும் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் 1,600 மடங்கு விரியும், அதாவது 80 மில்லிலிட்டர் அளவு ஆவி. ஆயிலில் கரைந்திருப்பதால் துளி முழுவதும் ஒரேயடியாக ஆவியாகிவிடாது. ஆனால் ஒரு மிதிக்கு நகர்கிற ஆயிலே சில தேக்கரண்டிதான். அந்தச் சில தேக்கரண்டியும் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிட்டால் சக்கரத்துக்கு என்ன மிஞ்சும்? வாசகர் திரும்பத் திரும்ப மிதித்ததில் குப்பியிலிருந்து மேலும் ஆயில் இறங்கியது, அழுத்தம் கூடியது, பிரேக் பிடித்தது. அந்த வேளையில் அவர் செய்தது மிகச் சரி. இரவில் கார் ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிக் கரைந்துவிட்டது. மறுநாள் மெக்கானிக் மிதித்துப் பார்த்தபோது பெடல் கல் மாதிரி இருந்திருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஈரத்தை உறிஞ்சாத எண்ணெயை ஊற்றினால் என்ன என்று தோன்றும். இருக்கிறது: சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5. அது நீரைத் தொடாது. அதனால்தான் சாலைக் கார்களுக்கு அது உதவவில்லை. எப்படியோ உள்ளே வந்த நீர் கரைய இடமில்லாமல் துளியாகத் திரண்டு, தாழ்வான, சூடான இடத்தில், அதாவது சக்கரத்தருகே போய்த் தங்கும். அங்கே 100 டிகிரியிலேயே கொதிக்கும், இரும்பைத் துருவேற்றும். உறிஞ்சும் குணம் குறையல்ல, அது காவல். டாட் 4-இல் உள்ள போரேட் எஸ்டர் நீரோடு வேதிவினை புரிந்து அதைக் கட்டிப்போடுகிறது. போரேட் தீரும் வரை கொதிநிலை மெதுவாகவே இறங்கும். தன்னைச் செலவழித்து நீரை அடக்குகிற இந்த ஏற்பாட்டை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. திரவ பிரேக்குக்கு மால்கம் லாக்ஹீட் 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் அதைப் பொருத்தியது. தொடக்க காலத் திரவங்களில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தவை உண்டு. கிளைக்கால் பிறகு வந்தது.

'மலை இறக்கக் கட்டுப்பாடு' என்று விளம்பரத்தில் வருகிற பொத்தானை நம்பி இறங்காதீர்கள். அது காரை மெதுவாக்குவது அதே பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தித்தான்; சூடு எங்கும் போய்விடவில்லை. பந்தய ரக ஆயில் என்று அதிக விலைக்கு விற்பதும் ஈரத்தை இழுக்கும். வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாத ஆயில் என்று யாராவது சொன்னால், அது யாருடைய வாழ்நாள் என்று நான் கேட்பேன். மின்சாரக் காரானாலும், மலையுச்சியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால், சக்கரத்தின் ஆற்றலை வாங்கி வைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது. பிறகு அதற்கும் பிரேக்தான்.

உண்மையில் உதவுவது கியர். இந்தக் கார்களில் பலவற்றுக்கு, படிகள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் தானியங்கிக் கியரான சிவிடி. 'டி'-யில் விட்டால் எரிபொருள் மிச்சம் பிடிக்க எஞ்சின் சுழற்சியைத் தாழ்த்தியே வைக்கும், அதனால் எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தாது. கியர்ப் பிடியில் எஸ், எல், எம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வளைவுகள் தொடங்கும் முன்பே அதற்கு மாற்றுங்கள். எஞ்சின் இரைவதைக் கேட்டுப் பெட்ரோல் குடிக்கிறதென்று பயப்பட வேண்டாம். கால் எடுத்த நிலையில், இன்றைய எஞ்சின்கள் எரிபொருள் ஊசியை மூடிவிடுகின்றன. சக்கரந்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது.

2010 டிசம்பர் 20-ஐ மலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாய்லாந்துப் பயணிகளோடு வந்த பேருந்து கேமரன் மலைச் சாலையில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்த நாள். பெரிய பேருந்துகளில் இருப்பது காற்றழுத்த பிரேக், அங்கே கொதிக்க ஆயில் இல்லை. ஆனால் உயரத்தைச் சூடாக மாற்றியாக வேண்டும் என்ற கணக்கு லோரிக்கும் பேருந்துக்கும் நம் காருக்கும் ஒன்றுதான். நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. பிரேக்கைப் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

 

வாசகருக்கு என் பதில் இது. பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டியது. உங்கள் கையேட்டில் உள்ள கால அளவைப் பாருங்கள், மலைவாசி என்பதால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். முத்திரை உடைக்காத புது டப்பா கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் பாதி திறந்து கிடக்கும் டப்பா ஏற்கெனவே நமத்திருக்கும். மேல் குப்பியை உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றுவதோடு நிறுத்தவும் விடாதீர்கள். சூடு தாக்கிய ஆயில் சக்கரத்தருகேதான் இருக்கிறது, அங்கேதான் திருகைத் திறந்து வடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று, வடிக்கும்போது திருகில் மாட்டுகிற ஒளி ஊடுருவும் குழாயைப் பாருங்கள். முதலில் அடுப்பில் ரொம்ப நேரம் காய்ந்த தேநீர் நிறத்தில் வரும், பிறகு மெல்ல வெளுத்து இளமஞ்சளாகும். நிறம் மட்டும் ஈரத்தின் அளவைச் சொல்லிவிடாது, ஆனால் புது ஆயில் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லும். நான்காவது சக்கரத்திலும் அந்த இளமஞ்சள் வந்த பிறகு திருகை இறுக்கச் சொல்லுங்கள்.