பழக்கத்தின் பிடியில் மூளை

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இது முழு உண்மையானால் குடியையும் போதைத் தூளையும் விட்டவர் எவரும் இருக்க முடியாது. ஆனால், விட்டவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். பலமுறை சத்தியம் செய்தும் விட முடியாதவர்களும் வாழ்கின்றனர். இந்த வேறுபாடு ஏன்?

தெமட்டகொடையில் நான் அறிந்த இளைஞர் ஒருவர் மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவர். ஹெரோயினுக்கு அடிமையாகி, புனர்வாழ்வு நிலையமொன்றில் சில மாதங்கள் தங்கி, உடல் தேறித் திரும்பினார். "இனித் தொடமாட்டேன் பாதர்" என்றார். மூன்றாம் நாள் பேஸ்லைன் வீதியில் பஸ்ஸை விட்டிறங்கிப் பழைய ஒழுங்கைக்குள் நுழைந்ததும் கை வியர்த்தது, வயிறு புரண்டது. அன்றே மீண்டும் வீழ்ந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவரது மூளை அந்த ஒழுங்கையை மறக்கவில்லை.

மூளையில் நடப்பது என்ன?

1954இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்னும் இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி ஆராய்ந்தனர். ஒரு குறிப்பிட்ட பகுதியில் மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தபோது, அதைப் பெறுவதற்காக எலி நெம்புகோலை ஓயாது அழுத்தியது. உணவு, உறவு போன்ற உயிர் வாழ்வுக்குத் தேவையானவற்றை நாடச் செய்யும் இத்தகைய பாதை மனிதருக்கும் உண்டு. அங்கே டோபமீன் என்னும் இரசாயனம் "இதை நினைவில் வை, மீண்டும் தேடு" என்று பதிக்கிறது. மதுவும் ஹெரோயினும் இதனை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. பொருள் மட்டுமன்றி, இடம், நேரம், நண்பன், தீப்பெட்டியின் ஓசைகூடப் பதிகின்றன. நெற்றிக்குப் பின்னாலுள்ள, ஆய்ந்து முடிவெடுக்கும் பகுதியோ தளர்கிறது. விரும்பாததையே செய்கிறேன் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலில் புலம்புவது இவர்களுக்கு நன்கு விளங்கும்.

இடம் மாறினால்?

வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர் பலர் ஹெரோயினுக்கு அடிமையாயினர். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ றொபின்ஸ் என்னும் ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கு அடிமையாயிருந்தவருள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவர் அளவே. போர்க்களமும் அந்தக் கூட்டமும் பின்னே நின்றுவிட்டன. நம் இளைஞருக்கு நேர்ந்தது இதன் மறுபுறம்: சிகிச்சை வேறிடத்தில், வாழ்க்கை பழைய ஒழுங்கையில்.

வயல் நடுவே ஒற்றையடிப் பாதை நாளும் நடந்தால் புல் முளைக்காது. நடக்காவிட்டால் புல் மூடும்; ஆயினும் தடம் சில காலம் தெரியும். புதிய பாதையில் நடந்துகொண்டே பழையதை மூட விடவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. திரும்பி வருபவருக்கு வேறு வழி, வேறு வேலை, இயன்றால் வேறு ஊர் தேடிக் கொடுங்கள். குறிப்பாகச் சம்பள நாள் மாலையில் அவரைத் தனியே விடாதீர்கள்.

2. ஆசை அலைபோல் எழுந்து தணியும். அது தணியும்வரை உடனிருக்க ஒருவர் வேண்டும்.

3. சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவு ஹெரோயினை எடுத்தால் மூச்சு நின்று இறக்கக்கூடும். உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். சிறையிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ திரும்பும் முதல் வாரங்களே மிக ஆபத்தானவை. குடும்பத்தார் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்.

4. நாள்தோறும் மிகையாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

5. 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும், கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையமும் இத்துறையில் பணியாற்றுகின்றன. உதவி கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அந்த இளைஞர் வீழ்ந்தபோது நாமும் தவறினோம். சத்தியத்தை வாங்கிக்கொண்டு அவரைத் தனியே அனுப்பிவிட்டோம். மன உறுதி வேண்டாம் என்பதல்ல. அந்த உறுதி வேரூன்ற மண் வேண்டும். அந்த மண் குடும்பமும் பங்குச் சமூகமும் கிராமச் சங்கமுமே. உங்கள் ஊருக்கு ஒருவர் திரும்பி வரும்போது, "எத்தனை நாளைக்கோ பார்ப்போம்" என்று கேலி பேசாமல், "வாரும் தம்பி, இன்று எங்களோடு சாப்பிடும்" என்று அழையுங்கள்.