கட்டுமரம்: சொல் நம்மது, படகு யாருது?

இங்கே ஆக்லாந்திலிருந்து வைஹீகி தீவுக்குப் போகிற ஃபெர்ரிகள் ரெட்டை உடம்புப் படகுகள். பேரு கேட்டமரான். "இது எங்க பாஷை வார்த்தை"ன்னு கூடப் படிக்கிற பசங்ககிட்ட தாராளமா பீத்திக்கலாம். "இந்தப் படகே எங்க கண்டுபிடிப்பு"ன்னு சேர்த்துச் சொன்னா மாட்டிக்குவோம் மக்களே!

கட்டுமரத்துக்கு ரெட்டை உடம்பு கிடையாது. லேசான மரங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சு கயிற்றால் கட்டுவாங்க, அவ்வளவுதான். ஆணி இல்லை. அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியா தண்ணி இறங்கிடும், மூழ்காது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காய வைக்கலாம்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயணநூலில், சோழமண்டலக் கரையில் பார்த்த இந்த மரங்களை இதே பேரில் எழுதியிருக்கிறார். அப்புறம் இங்கிலீஷ்காரங்க கையில் இந்த வார்த்தை பட்ட பாடு இருக்கே... 1804-ல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க மிதக்கவிட்ட வெடிப்பெட்டிக்கும் இதே பேரு. சண்டைக்காரப் பொம்பளையைத் திட்டவும் இதே வார்த்தை!

ரெட்டை உடம்புப் படகு பசிபிக் தீவுக்காரர்களின் சொத்து. மாவோரிகள் அதை வாக்கா ஹொவுருவா என்கிறார்கள். அப்படிப்பட்ட ஹொக்குலேயா என்ற படகு 1976-ல் நவீனக் கருவி எதுவும் இல்லாமலே ஹவாயிலிருந்து தாஹிட்டி போய்ச் சேர்ந்தது.

சரியா அதுக்கு நூறு வருஷம் முன்னாடி, 1876-ல், அமெரிக்காவில் நத்தானியல் ஹெர்ரஷாஃப் ரெட்டை உடம்பில் 'அமரில்லிஸ்' கட்டி நியூயார்க் பந்தயத்தில் எல்லாரையும் முந்தினார். தோத்தவங்க ஆட்சேபிக்க, பரிசு போச்சு. அந்த மாதிரிப் படகுக்கும் கேட்டமரான்னே பேர் நிலைச்சது. பின்னாளில் மூணு உடம்புப் படகு வந்தப்ப ட்ரைமரான் என்றார்கள். 'கட்டு' அவிழ்ந்துபோய் 'மரம்' மட்டும் மிச்சம்.

இதில் யாரையாவது மெச்சணும்னா நம்ம கரையோர மீனவர்களைத்தான் மெச்சணும். உலக அகராதிகளுக்குப் போன தமிழ்ச் சொற்களில் இது அவங்க தொழில் கொடுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகு பெருகி, கட்டுமரம் குறைஞ்சுக்கிட்டே வருது. மரம் போனா, அதோட ஒவ்வொரு துண்டுக்கும் முடிச்சுக்கும் இருக்கிற பேரும் போயிடும்.

கடற்கரை ஊர்ப் பதிவர்களே, உங்க ஊர்ப் பெரியவர்களிடம் அந்தப் பேரையெல்லாம் கேட்டு எழுதி வையுங்களேன். படிக்க நான் ரெடி.