வெட்கம் அறிவுக்குத் தடையாகலாமா?



வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் அறிவோம். எனினும், வெட்கத்தின் பெயரால் அறிவை மறைப்பது மார்க்கம் காட்டிய வழியன்று. மாதவிடாய் பற்றி மக்கள் வினவியதையும் அதற்குரிய விடையையும் அல்குர்ஆன், ஸூரதுல் பகராவின் 222 ஆவது வசனத்தில் வெளிப்படையாகவே கூறுகின்றது. உறக்கத்தில் பெண்ணுக்கு ஸ்கலிதமானால் குளிப்புக் கடமையாகுமா என உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டார்கள். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை, தெளிவாக விடையளித்தார்கள்.

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, சந்திர ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 9 வயதிலேயே ஒரு பிள்ளை பாலிகாக இடமுண்டு. அடையாளம் எதுவும் தோன்றாவிடினும், 15 வயது பூர்த்தியானதும் பாலிகானவராகவே கொள்ளப்படுவர். அன்றிலிருந்து தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. அப்படியாயின், குளிப்பையும் ஹைழையும் பிள்ளைக்கு எப்போது விளக்குவது? பருவமடைந்த பின்னரா, முன்னரா?

முன்னரே அறியாத சிறுமி முதல் உதிரத்தைக் கண்டு நோயென அஞ்சுகின்றாள். சிறுவனோ பாவம் செய்துவிட்டதாகக் கலங்கி மறைக்கின்றான். பின்னர் இருவரும் கைத்தொலைபேசியில் விடை தேடுகின்றனர். அங்கு கிடைப்பது கல்வியன்று. இன்னும் கவலைக்குரியது ஒன்றுண்டு: தன் உடலின் எல்லைகளை அறியாத பிள்ளைக்கு, ஒருவர் அத்துமீறினாலும் அதனை எடுத்துச் சொல்லத் தெரிவதில்லை.

எமது பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் எனும் பாடத்தில் இவ்விடயங்கள் இடம்பெறுகின்றன. அப்பக்கங்களை வாசிக்காமல் கடந்து செல்வது மாணவருக்கு இழைக்கும் அநீதியாகும். கற்பித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் எனச் சிலர் அஞ்சுகின்றனர். இத்தகைய கல்வி பாலுறவை விரைவுபடுத்துவதில்லை என்பதையே யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஆய்வுகளின் அடிப்படையில் எடுத்துரைக்கின்றது.

எனவே, தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் உரிய வயதில் எடுத்துக் கூறுங்கள். குர்ஆன் மத்ரஸாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக இப்பாடம் நடைபெற ஏற்பாடு செய்யுங்கள். பாடசாலை ஆசிரியர் இதனைக் கற்பிக்கும்போது அவருக்குத் துணை நில்லுங்கள். பிள்ளைகளே, ஐயம் எழுந்தால் பெற்றோரிடம் கேளுங்கள். எவரேனும் உங்களைத் துன்புறுத்தினால் மௌனமாக இராதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எனும் இலக்கத்திற்கும் நீங்கள் அழைக்கலாம்.

நாணத்தையும் அறிவையும் ஒருசேர வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக. ஆமீன்.