தராசுத் தட்டில் கருத்துரைப்போர்

தச்சநல்லூர்த் தேநீர்க் கடையொன்றில் காலையில் அரைமணி நேரம் அமர்ந்தால் போதும். தாமிரபரணியின் நீர்வரத்து முதல் தில்லி அரசியல் வரை அனைத்திற்கும் தீர்ப்புக் கிடைத்துவிடும். முன்பு நாளிதழைச் சுற்றி நிகழ்ந்தது இன்று கைப்பேசியைச் சுற்றி நிகழ்கிறது. ஓயாது கருத்துரைக்கும் இவ்வழக்கத்தையே எள்ளலுக்குரிய பொருளாக்கிய பத்தி எழுத்து, தமிழில் நூறாண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது.

நெல்லை இந்துக் கல்லூரியின் பள்ளியில் பயின்ற பாரதியார், புதுவையில் வாழ்ந்த காலத்தில் 'சுதேசமித்திரன்' இதழில் 'தராசு' என்னும் பத்தியை எழுதினார். எப்பொருளையும், எச்செய்தியையும், எம்மனிதரையும் நிறுத்துக் காட்டும் கடை அது. வருவோர் வினவுவர்; தராசு பேசும். கருத்தை எடைபோடுதல் என்பது வழக்கில் தேய்ந்துபோன உருவகம். பாரதியார் அதனை நேர்ப்பொருளாகவே கொண்டு, கடையும் வாடிக்கையாளரும் வைத்துவிடுகிறார். உடனே உலகை அளக்கும் அறிஞரும் படிக்கல்லும் ஒரே வரிசையில் நிற்கக் காண்கிறோம். வருபவர் தம் குரலிலேயே பேசித் தம்மைக் காட்டிக்கொள்வதால், பழிப்பதற்கென ஆசிரியர் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. கருத்துரைக்கும் தமக்கும் அவர் கடைக்காரர் வேடமே தருகிறார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பகுப்பார். வெளிப்படக் கூறுவது வசை. மறைத்து மொழிவது பழிகரப்பு. 'தராசு' பின்னதன்பாற்படும். நம் மேடைப் பேச்சுகளில் முன்னதே மலிந்திருப்பதைக் கூறவும் வேண்டுமோ?

1970 ஜனவரி 14 அன்று சோ தொடங்கிய 'துக்ளக்' இதழின் முதல் அட்டையில் இரண்டு கழுதைகள் உரையாடின. அரசியல் விமரிசனத்தைத் தொழிலாகக் கொள்ளவிருந்த இதழ், முதலில் தன்னையே கேலிக்கு உள்ளாக்கிக்கொண்டது. அவ்விதழின் அரசியல் சார்போடு உடன்படாதவரும் அந்த அட்டையின் நயத்தை மறுப்பதற்கில்லை.

எனினும் அப்பெயரைப் பற்றி நமக்கொரு மனக்குறை உண்டு. முன்பின் எண்ணாத ஆணை எதனையும் 'துக்ளக் தர்பார்' என்பது இன்று நம் தெருவழக்கு. 1325 முதல் 1351 வரை ஆண்ட சுல்தான் முகம்மது பின் துக்ளக், தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்ற முயன்றதும், செப்பு நாணயத்தை வெள்ளியின் மதிப்பில் வழங்கி இடர்ப்பட்டதும் உண்மையே. அவர் கல்வியில் சிறந்தவர் என்பதும் உண்மையே. அச்சொல்லில் முன்னவை மட்டுமே தங்கின. அவரிடம் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதாவோ, அவருடைய கொடையையும் கொடுமையையும் அடுத்தடுத்தே எழுதி வைத்தார்.