குரலை நம்பலாமா?

வாசலில் "அம்மா!" என்றதுமே, வந்தது மூத்தவனா, இளையவனா என்று சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவீர்கள். என்ன சொன்னான் என்பதும் புரிந்துவிடும். இயந்திரத்துக்கோ இந்த இரண்டுமே பெரும்பாடு!

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் செய்த 'ஆட்ரி' என்ற இயந்திரம், வாயால் சொன்ன பத்து இலக்கங்களைப் புரிந்துகொண்டது. ஆனால் பேசுகிறவர் மாறினால், அவர் குரலுக்கேற்ப அதை மறுபடியும் சரிப்படுத்த வேண்டும்.

அந்தக் கூடத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா, கைரேகை போலக் குரலுக்கும் ரேகை உண்டு என்று 1962-இல் அறிவித்தார். கைரேகை மாறாது; ஜலதோஷம் பிடித்தால் குரல் மாறிவிடுமே! வழக்குகளில் இம்முறையை மிகுந்த எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும் என்று 1979-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழு ஒன்று கூறிவிட்டது.

இன்றோ, கம்ப்யூட்டரே பிறர் குரலில் பேசுகிறது. ஆகவே, டெலிபோனில் மகன் குரல் அவசரமாகப் பணம் கேட்டால், பதறாதீர்கள். போனை வைத்துவிட்டு, அவன் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்!