இலவச மென்பொருளிலும் நிபந்தனை உண்டு

கடையில் பில் போடவும் இருப்புக் கணக்குப் பார்க்கவும் நம்மவர்கள் பலர் இளைஞர்களைக் கொண்டு மென்பொருள் செய்விக்கிறார்கள். அந்த இளைஞர்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் துண்டுகளை எடுத்துப் பொருத்துகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இலவசம் என்றால் நிபந்தனை இல்லை என்று அர்த்தமல்ல.

இத்துண்டுகளில் பல 'கொப்பிலெப்ட்' முறையில் வெளியிடப்பட்டவை. வக்பு சொத்தோடு ஒப்பிட்டால் இது இலகுவாக விளங்கும். வக்பு சொத்தின் பயனை அனுபவிக்கலாம். தனிச் சொத்தாக்க முடியாது. அதுபோல கொப்பிலெப்ட் மென்பொருளை யாரும் பாவிக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதே அனுமதிப்பத்திரத்தின் கீழேயே கொடுக்கவும் வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது? ஒரு வக்பின் வருமானம் அநாதைகளுக்கு மட்டும், இன்னொன்றின் வருமானம் பள்ளிவாசலுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருந்தால், இரண்டும் நல்ல நோக்கமே. ஆனாலும் இரண்டையும் ஒரே கணக்கில் கலக்க முடியாது. மென்பொருளிலும் இதே கதைதான்.

ரிச்சட் ஸ்டோல்மன் 1985இல் தொடங்கிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 'ஜீ.பீ.எல்.' அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 2ஆம் பதிப்பு 1991இலும் 3ஆம் பதிப்பு 2007இலும் வந்தன. தன்னிலுள்ள நிபந்தனைகளுக்கு மேல் புதிதாக எதையும் சுமத்தக் கூடாது என்கிறது 2ஆம் பதிப்பு. 3ஆம் பதிப்போ காப்புரிமை பற்றியும், வீட்டுப் பாவனைச் சாதனங்களில் திருத்திய நிரலை நிறுவ விடுவது பற்றியும் புதிய நிபந்தனைகளைச் சேர்த்தது. எனவே '2ஆம் பதிப்பு மட்டும்' என்று வெளியான நிரலை 3ஆம் பதிப்பு நிரலோடு ஒன்றாக்கி வெளியிட முடியாது. 'அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு' என்ற வாசகம் இருந்தால் மட்டும் முடியும்.

இது வெறும் ஏட்டுக் கதையல்ல. 'லிப்ரேகேட்' என்ற வரைபட மென்பொருள் 2ஆம் பதிப்பில் இருந்தது. ஓட்டோகேட் கோப்புகளை வாசிக்கும் 'லிப்ரேடிடபிள்யூஜி' நூலகம் 3ஆம் பதிப்பில் இருந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் கொப்பிலெப்ட். ஆயினும் சேர்க்க முடியவில்லை. லிப்ரேகேட்காரர்கள் கோப்புகளை வாசிக்க வேறொரு நூலகத்தைத் தாமே எழுதவேண்டி வந்தது.

நமக்கு இதில் என்ன? உங்கள் சொந்தக் கடைக்குள் மட்டும் பாவித்தால் பொதுவாக ஜீ.பீ.எல். தடை சொல்லாது. மச்சானின் கடைக்கும் பக்கத்து ஊர்க் கடைகளுக்கும் விற்கலாமே என்று இறங்கும்போதுதான் பிரச்சினை. பொருந்தாத துண்டுகள் கலந்த மென்பொருளை யாருக்கும் சட்டப்படி கொடுக்க முடியாது. போட்ட முதல் முடங்கிவிடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே காசைக் கொடுக்குமுன் எழுத்தில் ஒரு பட்டியல் கேளுங்கள். எந்தெந்தத் துண்டு, எந்த அனுமதிப்பத்திரம், எத்தனையாம் பதிப்பு, 'பிந்திய பதிப்பு' வாசகம் உண்டா இல்லையா? ஒரு தாளில் அடங்கிவிடும் விடயம் இது.

உடன்படிக்கையைப் பேணுவது நமக்கு மார்க்கக் கடமை. விலையில்லாமல் கைக்கு வந்த பொருளுக்கும் அது பொருந்தும்.