வறுவலுக்குப் பொம்பில் மீனைப் பக்குவப்படுத்துதல்

மும்பையில் தாராவி, செம்பூர் முதலிய பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தாருள் பலர், தம் ஊரில் கண்டிராத ஒரு மீனை அந்நகரின் சந்தையில் காண்கின்றனர். வெளிறிய இளஞ்சிவப்பு நிறமும், கூழ்போல் துவளும் உடலும், கூரிய பற்களும் கொண்ட அம்மீனை மராத்தியர் பொம்பில் என்பர். ஆங்கிலேயர் அதற்குப் ‘பம்பாய் வாத்து’ என்று பெயரிட்டனர். வாத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1822-இல் ஹாமில்டன் என்பார் கங்கை மீன்களைப் பற்றிய தமது நூலில் இதனை விவரித்தார்.

தாராவியே ஒரு காலத்தில் மீனவர் குடியிருப்பாக இருந்தது. 1909-இல் வெளியான பம்பாய் நகர விவரச்சுவடி, நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுகிறது. கோலி மீனவர் கடல் நீரோட்டத்திற்கு எதிராகப் பைபோல் நிறுத்தும் ‘டோல்’ வலையில் பொம்பில் மிகுதியாக அகப்படுகிறது.

இம்மீனின் தசையில் ஏறக்குறைய 90 சதவீதம் நீரே. வறுப்பதில் நேரும் தொல்லை இதனால் விளைவதாகும். எண்ணெய் 170 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ந்திருப்பினும், மீனின் மேற்பரப்பில் நீர் உள்ளவரை அவ்விடத்து உஷ்ணநிலை ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே மீன் வறுபடாமல் வேகும், எண்ணெயும் தெறிக்கும். பொன்னிறமும் மொறுமொறுப்பும் வேண்டுமாயின் நீரை முன்னரே அகற்றுதல் அவசியம்.

முதலில் தலையைச் செவுளுக்குப் பின்புறமாக அரிந்து நீக்கித் துடுப்புகளையும் வாலையும் கத்தரித்துவிட வேண்டும். வயிற்றைக் கீறிக் குடலை முழுதும் எடுத்துத் தூய நீரில் அலம்பியபின், முதுகெலும்பின் ஓரமாகப் பிளந்து, ஏடு விரிப்பதுபோல் விரித்து, மென்மையான நடு எலும்பை உருவிவிடலாம். இலேசாக உப்புத் தூவித் துணிகளுக்கிடையே பரப்பி, சாய்ந்த பலகையின்மீது வைத்து, அம்மிக்கல்லைப் பாரமாக ஏற்றுவர். உப்பு நீரை வெளியே இழுக்கிறது. பாரம் அதனைப் பிழிந்து வடிக்கிறது.

இப்பழக்கம் நல்லதே, ஆனால் ஓர் ஆபத்தும் இதில் உண்டு. மும்பையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் பாரத்தின்கீழ் கிடக்கும் ஈரமீன், நுண்ணுயிர்களுக்கு ஏற்ற விளைநிலமாகும். ஏற்ற சூழலில் சிலவகைப் பாக்டீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இருமடங்காகும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். வறுக்கும் சூடு பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி, அவை முன்னரே உண்டாக்கிய எல்லா நச்சுப்பொருள்களையும் அழித்துவிடாது. எனவே தட்டின் அடியில் நொறுக்கிய பனிக்கட்டியைப் பரப்புதல் வேண்டும். குளிர்பெட்டி உள்ள வீட்டில் தட்டையும் பாரத்தையும் அதனுள்ளேயே வைத்துவிடலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், புளிக்கரைசல் தடவி, ரவையும் அரிசிமாவும் கலந்து புரட்டுவது இதற்குப் பின்னரே.

கள ஊழியர் கவனிக்கத்தக்க மற்றொன்று உண்டு. மீனில் ஃபார்மலின் கலந்துள்ளதா என்று நிறமாற்றச் சோதனை செய்கையில், பொம்பிலில் கலப்படம் இல்லாமலே ஃபார்மால்டிஹைடு தென்படக்கூடும். அதன் தசையிலுள்ள டிரைமெதிலமைன் ஆக்சைடு என்னும் பொருளை, மீன் இறந்தபின் அதன் நொதிகளே சிதைத்து இதனை உண்டாக்குகின்றன. நிறம் மாறியது ஒன்றையே சான்றாகக் கொண்டு, கூடை சுமந்து விற்கும் பெண்மீது குற்றம் சாட்டுவது தவறாகும். அளவறியும் ஆய்வகப் பரிசோதனைக்கு மாதிரியை அனுப்புவதே முறை.

ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாகவும் நடத்தலாம். சுத்தம் செய்த மீனை நிறுத்து, உப்பிட்டுப் பாரம் ஏற்றி, ஒரு மணி நேரத்திற்குப்பின் மீண்டும் நிறுத்தால், குறைந்த எடை பெரும்பாலும் நீரின் எடை என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். வடிந்த நீரைக் கொதிக்க வைத்தால் வெண்மையாகத் திரண்டு வரும் புரதம், நீருடன் சிறிது சத்தும் வெளியேறியதைக் காட்டும்.